எலி வளர்த்தவனின் வியாழக்கிழமைகள்

சுவிஸின் பாடன் நகரத்துத் தமிழர்களிடையே ஸ்ரீஸ்கந்தராஜா ஏதோ பண்ணையில் வேலை செய்கிறான் என்றுதான் பேச்சு. மாட்டுப் பண்ணையா, கோழிப் பண்ணையா என்று யாராவது துருவினால் "சின்னச் சின்ன மிருகங்கள்" என்று சொல்லிவிட்டு, பேச்சை மழையின் பக்கமோ பனியின் பக்கமோ திருப்பிவிடுவான். முயலாக்கும் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பைத் திருத்த அவன் போகவில்லை. பாம்புக்குத் தீனியாகப் போடுகிற எலியை வளர்க்கிறேன் என்று கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு எந்த மனிதன் சொல்வான்?

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மனைவி சுகந்தி. மற்றவன் குகநாதன். உணவகச் சமையல்காரன், பழைய ஓப்பல் கார் ஒன்றின் சொந்தக்காரன், ஸ்ரீயின் ஒரே நெருங்கிய சிநேகிதன். ஸ்ரீஸ்கந்தராஜா என்ற பெயரைச் சொல்லி முடிக்கப் பொறுமையில்லாத சுவிஸ்காரர்கள் அவனை ஸ்ரீ ஆக்கியிருந்தார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம், வசதிதானே. குகநாதன் விஷயத்தைக் கேள்விப்பட்ட அன்று விழுந்து விழுந்து சிரித்தான்.

"பிள்ளையாற்றை வாகனத்தைப் பிடிச்சு அம்மாளாச்சியின்ரை பாம்புக்குக் குடுக்கிறாய். மச்சான், ரெண்டு பேரும் சேர்ந்து உன்னை ஒரு நாளைக்குக் கூப்பிட்டு விசாரிக்கப் போயினம்."

ஸ்ரீ சிரிக்கவில்லை. அவனும் அதை யோசித்துப் பார்த்தவன்தான்.

அந்த வேலைக்கு அவன் வந்தது 1992இல். அதற்கு முன் இரண்டு வருடம் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவினான். கழுவுகிற மருந்து ஒத்துக்கொள்ளாமல் இரண்டு கையும் முழங்கை வரை வெடித்துப் புண்ணாகிவிட்டது. இனித் தண்ணீர் வேலை கூடாது என்று டொக்டர் எழுதிக் கொடுத்தார். அகதிகளுக்கு வேலை தேடிக்கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த பெண் பட்டியலைப் புரட்டிவிட்டு, "எலிக்குப் பயமா?" என்று கேட்டாள். பயமில்லை என்றான். "பாம்புக்கு?" என்றாள். அதற்கும் பயமில்லை என்றான். முதலாவது உண்மை. இரண்டாவது வடிகட்டின பொய். பாம்பைப் படத்தில் பார்த்தாலே அவனுக்கு உள்ளங்கால் கூசும்.

பாடனிலிருந்து போஸ்ட் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் மலைச்சரிவில் ஒரு கிராமம். அதன் கடைசி வீடு ஃபிராவ் சும்ஸ்டெக்கினுடையது, திருமதியைத்தான் அங்கே ஃபிராவ் என்பார்கள். அறுபத்தாறு வயது விதவை. வாட்டசாட்டமான பெண்மணி, பேச்சில் சர்க்கரை கிடையாது. அவருடைய புருஷனுக்குப் பாம்பு வளர்க்கிற பைத்தியம். தன் பாம்புகளுக்காக எலி வளர்க்கத் தொடங்கி, பிறகு மற்றப் பாம்புக்காரர்களுக்கும் விற்கத் தொடங்கி, மாடுகளை விற்றுவிட்டு மாட்டுக் கொட்டில் முழுவதையும் எலிக்கே கொடுத்துவிட்டுச் செத்துப்போனார். அவர் விட்டுப்போனவை நானூறு எலிகளும், கூடத்துக் கண்ணாடிக் கூண்டில் ஹெட்விக் என்ற பெயருடைய ஒரு போவாவும். போவா என்பது மலைப்பாம்பு மாதிரி, இரையைச் சுற்றி இறுக்குகிற வகை. வயது பதினேழு, நீளம் இரண்டு மீட்டருக்கு மேல். ஃபிராவ் சும்ஸ்டெக் அதனோடு பேசுவார், தொலைக்காட்சிச் செய்திக்கு அபிப்பிராயமும் சொல்வார். ஸ்ரீ தன் முதலாளியம்மாவை அந்த நாட்டு வழக்கப்படி ஷெஃபின் என்று கூப்பிட்டான்.

கொட்டிலுக்குள் முதல்முறை நுழைந்தபோது அவனுக்கு ஊரில் பார்த்த உத்தியோகம் ஞாபகம் வந்தது. சாவகச்சேரித் தபால் கந்தோரில் கடிதம் பிரித்தவன் அவன். சுவர் முழுக்க அறை அறையாக அடித்த சட்டத்தில் கடிதங்களைப் போடுகிற மாதிரி, இங்கே சட்டம் சட்டமாக இழுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மரச்சீவல் பரப்பி, ஓர் ஆணும் நாலைந்து பெண்ணும். எதை எதோடு போடுவது, எதை எப்போது எடுப்பது என்று தெரிந்தால் போதும், குழப்பமே இல்லை. ஒரு மாதத்தில் வேலை அவன் கைக்குள் வந்துவிட்டது.

வயிறு பருத்த பெண்ணை, குட்டி போட மூன்று நாளைக்கு முன்பே தனிப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும். சினை இருபத்திரண்டு நாள். குட்டி போட்ட பிறகு நாலு நாளைக்கு அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. திறந்து, தாயைப் பயப்படுத்தினால் குட்டியைத் தின்றுவிடும். ஈரச் சீவல் கிடந்தால் மூச்சிழுப்பு வரும். எலியையும் சுண்டெலியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சுண்டெலி சினைப்படாது. தீனித்தூளோடு காய்ந்த பாணும் கரட்டும், புரட்டாசி ஐப்பசியில் விழுந்த அப்பிளும். இதெல்லாம் ஷெஃபின் சொல்லிக்கொடுத்தவை.

இனத்துக்கு வைக்கிற எலியைத் தெரிவுசெய்கிற விதம் மட்டும் அவன் தானாகக் கண்டுபிடித்தது. ஷெஃபின் பெரியதாகப் பார்த்து எடுப்பார். ஸ்ரீ அப்படிச் செய்யவில்லை. குட்டிகளுக்கு நாலு கிழமையானதும், பெட்டிக்குள் உள்ளங்கையை மலர்த்தி வைத்துவிட்டு அசையாமல் இருப்பான். சில மூலையில் போய் ஒடுங்கும். சில கடித்துப் பார்க்கும். ஒன்றோ இரண்டோ வந்து மோந்து பார்த்து, கைக்குள் ஏறி உட்காரும். அவைதான் வாழப் போகிறவை. மற்றவை வளர்ந்த அளவுக்கு ஏற்றபடி, எந்தப் பாம்பின் தடிப்புக்கு எது சரிவருமோ அப்படிப் பிரிக்கப்பட்டுக் கொல்கிற பெட்டிக்குப் போகும். நாலு வருடம் இப்படிச் செய்ததில், கொட்டிலில் கடிக்கிற எலியே இல்லாமல் போய்விட்டது. எலிகள் தலை கறுப்பும் உடல் வெள்ளையுமாக, பிடித்தால் பிடித்தபடி இருந்தன. ஷெஃபினுக்கு ஆச்சரியம். ஸ்ரீக்கு அதில் கர்வமும் இருந்தது, சங்கடமும் இருந்தது. தன்னையும் அகதி விசாரணையில் ஓர் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இப்படித்தான் பார்த்தார் என்று சில நாள் நினைத்துக்கொள்வான்.

கொல்வது வியாழக்கிழமை. மூடியுள்ள ஒரு பெட்டி, அதற்குள் குழாய், குழாயின் மறு முனையில் காஸ் சிலிண்டர். பத்துப் பன்னிரண்டு எலிகளைப் பெட்டிக்குள் விட்டு மூடி, திருகியை மயிரிழை மயிரிழையாகத் திறக்க வேண்டும். மெல்ல நிறைந்தால் எலி சுருண்டு படுத்து அப்படியே தூங்கிவிடும். அவசரப்பட்டுத் திறந்தால் மூச்சுத் திணறித் துள்ளும். "லங்சாம், ஸ்ரீ, லங்சாம்" என்று முதல் நாள் பக்கத்தில் நின்று சொன்னார் ஷெஃபின். மெதுவாக, மெதுவாக. அதற்குப் பிறகு அவருக்குச் சொல்ல வேண்டி வரவில்லை. நாலு வருடத்தில் ஒரு எலியாவது பெட்டிக்குள் நகத்தால் பிறாண்டிய சத்தம் கேட்டதில்லை. வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தால் நேரே குளியலறைக்குப் போவான். சுகந்தியும் ஒன்றும் கேட்கமாட்டாள்.

சுகந்தி முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். அவர்களுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்தது. முதலாவது 1993இல், இரண்டாவது 1995 தையில். இது பலருக்கும் நடப்பதுதான், யாருடைய பிழையும் இல்லை என்று பெண் டொக்டர் விளக்கினார். சுகந்தி தலையை ஆட்டினாள். 1996 வைகாசியில், மூன்றாவது முறை, மூன்றாம் மாதம் நடக்கும்போது ஒரு ஞாயிறு காலை அவள் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு கேட்பன். மறுக்கக் கூடாது."

"கேளுமன்."

"பிள்ளை பிறக்கும் வரைக்கும் நீங்கள் ஒரு உயிரையும் கொல்லக் கூடாது."

அவனுக்கு உடனே விளங்கியது. பெண்சாதி வயிற்றோடு இருக்கும்போது புருஷன் உயிர்க்கொலை செய்யக்கூடாது என்பது அவர்கள் இரண்டு பேரும் பிறந்து வளர்ந்த இடத்தில் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. பாம்பு வந்தால்கூட அடிக்கமாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவார்கள். கோழி உரிக்கவும் வேறு ஆள்தான்.

"ரெண்டு தரமும் நீங்கள் கொன்றுகொண்டுதான் இருந்தனீங்கள்," என்றாள் சுகந்தி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அவனுக்கு இதில் முழு நம்பிக்கை கிடையாது. இல்லை என்று அடித்துச் சொல்லத் துணிவும் கிடையாது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவனுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வரும்? தான் கொன்றதால்தான் போனதோ என்று அவனே எத்தனையோ முறை நினைத்திருக்கிறான், அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். சத்தியம் பண்ணிக்கொடுத்தான்.

சத்தியம் பண்ணிவிட்டு, அதை ஷெஃபினிடம் எப்படிச் சொல்வது என்பதில் முட்டிக்கொண்டான். அவனுடைய ஜெர்மன் சீவல், தீனி, சினை, குட்டி என்ற அளவில் நன்றாக ஓடும். வயிற்றில் பிள்ளை, பாவம், பழி என்றெல்லாம் அந்த மொழியில் சொன்னால் எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். தனக்கே சிரிப்பு வந்தது. அந்த அம்மா சிரித்துவிட்டால்? அல்லது எலிக்கொட்டிலில் எலி கொல்லமாட்டேன் என்கிறவன் எதற்கு என்று கேட்டுவிட்டால்? அந்த வியாழக்கிழமை மணிக்கட்டு சுளுக்கிவிட்டது என்றான். ஷெஃபின் மறு பேச்சில்லாமல் தானே செய்தார். அவன் கொட்டிலுக்கு வெளியே நின்றான்.

அடுத்த திங்கட்கிழமை ஷெஃபின் இடுப்பெலும்பு சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இரண்டு கிழமை அங்கே, பிறகு மூன்று கிழமை நடை பழக்குகிற இடத்தில். முன்பே தீர்மானித்திருந்த விஷயம், ஸ்ரீதான் தன் கவலையில் மறந்திருந்தான். போகும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்து, குளிர்பெட்டிக் கதவில் ஒரு கடுதாசியும் ஒட்டிவிட்டுப் போனார். கொட்டில் எல்லாம் உனக்குத் தெரியும். ஹெட்விக்குக்கு அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை ஒரு பெரிய எலி. ஒருபோதும் உயிரோடு போடாதே. போடுவதற்கு முன் கண்ணைப் பார், கண் மங்கியிருந்தால் போடாதே, பழைய தோலை, செட்டையை, கழற்றப் போகிறாள்.

முதல் கிழமை ஒப்பேறிவிட்டது. முன்பே கொன்று குளிர்பெட்டியில் உறைய வைத்த எலிகள் இருந்தன. சனிக்கிழமை வந்த வாடிக்கைக்காரர்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தான். மத்தியானத்துக்குள் பெட்டி வெறுமையாகிவிட்டது. கடைசியாக வந்தவர் சூக் நகரத்தில் வங்கியொன்றில் வேலை செய்கிற மனிதர். மெல்லிய கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை, வீட்டில் மூன்று மலைப்பாம்பு.

"செத்தது இல்லை. உயிரோடுதான் இருக்கிறது" என்றான் ஸ்ரீ.

"நான் என்ன செய்வது?"

"நீங்கள்தான் செய்ய வேண்டும்."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஆறு எலிகளைக் கடதாசிப் பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு போனார். ஸ்ரீக்குப் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமான வழி இருக்க, ஏன் மண்டையைப் போட்டு உடைத்தோம் என்றுகூட நினைத்தான். கொல்கிறவன் வேறொருவன். தன் கை சுத்தம். சுகந்திக்குக் கொடுத்த வாக்கும் சுத்தம்.

அந்த நினைப்புத்தான் அவனை அடுத்த வெள்ளிக்கிழமை கவிழ்த்தது.

ஹெட்விக்குக்குத் தீனி வைக்கிற நாள். குளிர்பெட்டியில் எலி இல்லை. கொல்வதற்குக் கையில்லை. ஒருபோதும் உயிரோடு போடாதே என்று கடுதாசி சொல்கிறது. ஏன் என்று அவனுக்குத் தெரியும். எலி பாம்பைக் கடித்துவிடும். ஆனால் என்னுடைய எலி கடிக்காதே என்று நினைத்தான். நாலு வருடம் தேர்ந்து தேர்ந்து, கடிக்கிற குணத்தையே அந்த இனத்திலிருந்து எடுத்துவிட்டவன் அல்லவா அவன்? அதோடு, காட்டில் பாம்பு எலியைப் பிடித்துத் தின்னவில்லையா? அது பாம்பின் இயல்பு. அந்தக் கணக்கில் தான் வரமாட்டேன் என்று நம்பினான்.

பாம்புக்கு ஒரு சேதமும் வரக்கூடாதென்று, இருப்பதிலேயே சாதுவான எலியைத் தெரிவுசெய்தான். ஏழு முறை குட்டி போட்டு, ஒன்றைக்கூடச் சாகவிடாமல் வளர்த்தெடுத்த பெண். அவன் கையிலிருந்து பாண் துண்டு வாங்கித் தின்னும். அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போகும்போது அது அவன் சட்டைக் கையை மோந்துகொண்டிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. இது நான் செய்வதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். முகத்தை மறுபக்கம் திருப்பி, கண்ணாடிக் கதவை ஒரு சாண் நீக்கி, எலியை உள்ளே விட்டு, மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தான். பாம்பின் கண்ணைப் பார்க்கச் சொல்லியிருந்தது ஞாபகம் இருந்தது. பார்க்கத்தான் தைரியம் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை வந்தபோது எலி கூண்டின் நடுவில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. ஹெட்விக் மூலையில் சுருண்டு கிடந்தது. அதன் முதுகில் உள்ளங்கை நீளத்துக்குத் தோல் இல்லை. சதை தெரிந்தது. இரண்டு கண்ணும் பால் ஊற்றின மாதிரி வெளுத்திருந்தன. செட்டை கழற்றப் போகிற பாம்பு, பசியில்லாத பாம்பு, கண் தெரியாத பாம்பு, அசையாமல் கிடந்திருக்கிறது. எலிக்கு இரவு முழுக்கத் தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை. சாதுவான எலி, அதனால் மெதுவாகவே கொறித்திருக்கிறது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குகநாதனுக்கு டெலிபோன் அடித்தான். குகநாதன் ஓப்பலில் வந்து இறங்கி, கூடத்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மச்சான், நான் கார் ஓடுவன். உதைத் தொடமாட்டன். உதோடை ஒரே காரிலை இருக்கிறதே பெரிய விஷயம்."

ஆகையால் தொட வேண்டியவன் ஸ்ரீதான். நாலு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பாம்பைக் கையில் எடுத்தான். குளிர்ந்திருக்கும், வழுவழுவென்றிருக்கும் என்று நினைத்திருந்தான். அது சூடாகவும் உலர்ந்தும் கனமாகவும் இருந்தது. தலையணை உறைக்குள் விட்டு, உறையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தான். வழி நெடுக அது அவன் தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, சூடு தேடி. "செத்துப்போகாதை, செத்துப்போகாதை" என்று அவன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். மிருக வைத்தியர் பதினொரு தையல் போட்டார். பிழைக்கும், ஆனால் தழும்பு போகாது என்றார். உயிரோடு எலி போட்டவன் யார் என்று கேட்டார். ஸ்ரீ கையை உயர்த்தினான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

அந்தச் சனிக்கிழமை அதோடு முடியவில்லை. மத்தியானம் சூக்கிலிருந்து வங்கிக்காரர் வந்தார். வந்தவர் காரை விட்டு இறங்கின உடனேயே, இனி உயிரோடு தராதே என்றார்.

"வாலில் பிடித்து மேசை விளிம்பில் அடித்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். அடித்தேன். சாகவில்லை. மூன்று முறை அடித்தேன். இன்னொன்று கையிலிருந்து நழுவிக் குளிர்பெட்டிக்குப் பின்னால் ஓடிவிட்டது, முதுகெலும்பு உடைந்து. உன் எலிகள் என்னை நம்பி வந்து கையில் ஏறின. அதுதான் எனக்கு..." என்று நிறுத்திக்கொண்டார். படித்த மனிதர், இஸ்திரிச் சட்டைக்காரர், அவர் கண் கலங்கியிருந்தது.

ஸ்ரீ கொட்டிலுக்குள் போய்த் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தான். நாலு வருடம் அவன் கொன்ற எலிகள் எத்தனையோ ஆயிரம் இருக்கும். ஒன்றாவது வலித்துச் செத்ததில்லை. அவன் கொல்லாமல் விட்ட இந்த இரண்டு கிழமையில்தான் எலி அடிபட்டுச் செத்திருக்கிறது, முதுகு உடைந்து சுவரோரம் ஊர்ந்திருக்கிறது, ஒரு பாம்பு உயிரோடு தின்னப்பட்டிருக்கிறது. பாவம் பண்ணாமல் இருக்கிறேன் என்று அவன் பண்ணின பாவம் இது. அவனுக்குத் தன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனான். ஷெஃபின் தலையணையில் சாய்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். முதலில் ஹெட்விக்கைச் சொன்னான். அவர் முகம் வெளிறியது. பதினொரு தையல், பிழைத்துவிடும் என்றதும் மூச்சு விட்டார். பிறகு ஏன் என்று கேட்டார். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த சொற்கள் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. என் மனைவிக்குப் பிள்ளை வரப்போகிறது, இரண்டு முறை போய்விட்டது, பிள்ளை வரும்போது தகப்பன் கொல்லக் கூடாது, அது எங்களிடம் அப்படி, என்று துண்டு துண்டாகச் சொன்னான்.

அவர் சிரிக்கவில்லை. பத்திரிகையை மடித்துக் கட்டில்மேல் வைத்தார்.

"எலிமேல் தப்பில்லை. பசித்தால் எந்த எலியும் கொறிக்கும். அதற்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை. தப்பு உன்மேல்."

"ஓம்" என்றான் ஸ்ரீ, தமிழிலேயே.

"நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்றும் இல்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். பிள்ளை எப்போது?"

"நவம்பர்."

"நான் வரும் வரைக்கும் கொட்டிலைப் பூட்டி வை. தீனி மட்டும் போடு, விற்பனை வேண்டாம். வந்த பிறகு நவம்பர் வரை வியாழக்கிழமை என்னுடையது."

நவம்பர் வரை என்று அவர் சொன்னது அவனுக்கு வீடு வரும் வரை காதில் இருந்தது. வேலையும் போகவில்லை, வாக்கும் போகவில்லை. சுகந்தியிடம் நடந்ததெல்லாம் சொன்னான். ஹெட்விக்குக்காக அவள் கவலைப்பட்டாள், ஷெஃபினுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட்டி பயத்தம் பணியாரம் செய்து கொடுத்தனுப்பினாள்.

ஆடி நடுவில் ஷெஃபின் இரண்டு ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தார். அந்த வியாழக்கிழமை கொட்டிலில் சிலிண்டருக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஸ்ரீ எலிகளை எடுத்துப் பெட்டிக்குள் விட்டான். மூடினான். விலகி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். அவனுக்கு அவ்வளவுதான் வேலை.

ஷெஃபின் திருகியில் கை வைத்தார். கை நடுங்கியது. ஊன்றுகோலைப் பிடித்துப் பிடித்து விரல்கள் வீங்கியிருந்தன, வலி மருந்து வேறு. இறுகிக் கிடந்த திருகி சட்டென்று சுழன்றது. காஸ் சீறிக்கொண்டு உள்ளே போனது. உடனே பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. நகங்கள் பலகையைப் பிறாண்டுகிற சத்தம், உடம்புகள் மூடியில் முட்டுகிற சத்தம். நாலு வருடத்தில் அவன் கேட்டிராதது. ஷெஃபின் திருகியைத் திருப்பப் பார்த்தார், விரல்கள் வழுக்கின.

ஸ்ரீ யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாசலிலேயே நின்றிருப்பான். இரண்டு எட்டில் போய் அவர் கையின்மேல் தன் கையை வைத்து, திருகியை மூடினான். மூடியைத் தூக்கி எலிகளை மூச்சு விட வைத்தான். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. கையை உள்ளே மலர்த்தி வைத்தான். கொஞ்ச நேரத்தில் வந்து மோந்து பார்த்தன. அமைதியாகும் வரை காத்திருந்தான். பிறகு மூடியைப் போட்டு, மயிரிழை மயிரிழையாகத் திறந்தான். ஒரு சத்தமும் இல்லை. ஷெஃபின் முக்காலியில் இருந்தபடி அவனைப் பார்த்தார். ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அன்று பின்னேரம் ஸ்ரீ குளிக்கப் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசலிலேயே நின்று சொன்னான்.

"சுகந்தி, நான் சத்தியத்தை முறிச்சுப்போட்டன்."

அவள் அடுப்பை நிறுத்தினாள். அவன் நடந்ததைச் சொன்னான். அந்த அம்மாவின் கை நடுங்கியதை, சத்தத்தை, தன் கையை. இனி ஒவ்வொரு வியாழனும் தானே செய்யப்போவதையும் சொன்னான். வேறு ஆள் செய்தால் அதுகள் துடிக்கும், அதை இனிக் கேட்டுக்கொண்டு நிற்கத் தன்னால் ஏலாது என்றான்.  சுகந்திக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"நீங்கள் செய்யேக்கை துடிச்சதுகளோ?" என்று கேட்டாள்.

"இல்லை. நித்திரை கொண்ட மாதிரி."

அவள் போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெளியில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளைக்கு ஒண்டும் வராது" என்றாள் பிறகு. "நீங்கள் யோசியாதேங்கோ. எனக்குத் தெரியும்."

அவ்வளவு உறுதியாகச் சொன்னாள். அவனுக்கு அந்த இடத்திலேயே விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமை காலையும் அவன் சப்பாத்துப் போடும்போது அவள் வந்து அதையே சொல்வாள். பிள்ளைக்கு ஒண்டும் வராது, யோசியாதேங்கோ. பதினெட்டு வியாழக்கிழமை. அவன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவான், கொட்டிலுக்குப் போவான், திருகியைத் தொடுவான். ஆவணியில் ஒருநாள் அவளுக்கு இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, பயமில்லை என்று அனுப்பினார்கள். அடுத்த வியாழக்கிழமையும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து அதையே சொன்னாள். அவன் நம்பினான். அவள் நம்புகிறாள் என்பதால் நம்பினான்.

நவம்பர் கடைசியில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பிறந்த உடனே ஆஸ்பத்திரியே கேட்கும்படி கத்தியது. மருத்துவச்சி துடைத்துத் துணியில் சுற்றி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். ஸ்ரீ கையை நீட்டவில்லை.

"இன்னொருமுறை பாருங்கள்" என்றான்.

"பார்த்துவிட்டேனே."

"தயவுசெய்து. இன்னொருமுறை."

மருத்துவச்சி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியை விரித்து, கை விரல், கால் விரல், முதுகு, வாய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவன் குனிந்து நின்று கூடவே எண்ணினான். பிறகுதான் வாங்கிக்கொண்டான். வாங்கி, கட்டிலருகே கொண்டுபோய், சுகந்தி பார்க்கிற மாதிரித் தாழ்த்திப் பிடித்தான்.

"நீர் சொன்னபடிதான் சுகந்தி. ஒவ்வொரு வியாழனும் சொன்னனீர்தானே, ஒண்டும் வராதெண்டு. உமக்கு எப்பிடியோ தெரிஞ்சிருக்கு."

சுகந்தி பிள்ளையின் தலையைத் தொட்டாள். தொட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்கக் குலுங்க, மருத்துவச்சி திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அவன் பயந்துபோய் என்ன, என்ன என்றான்.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றாள். "நான் ஒரு வியாழனும் அதை நம்பேல்லை. நீங்கள் பயந்தால் உங்கடை கை நடுங்கும். அதுக்குத்தான் சொன்னனான்."